‘கிக் அவுட்’ என்று எப்போது சொல்லலாம்?

கேள்வி: வணக்கம் ரீச்சர். உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசெப்ஷனில் வேலை செய்கிறேன். போன கிழமை ஒரு தம்பதி, நாளைக்கு எத்தனை மணிக்கு அறையை விட வேண்டும் என்று வட்ஸ்அப்பில் கேட்டார்கள். ‘வீ வில் கிக் யூ அவுட் அட் லெவன்’ என்று பதில் போட்டேன். அவர்கள் கோபித்துக்கொண்டு, காலைச் சாப்பாடும் சாப்பிடாமல் வெளிக்கிட்டுவிட்டார்கள். மேனேஜர் எல்லோருக்கும் முன்னால் ஏசினார். இந்தச் சொல்லை நான் வெள்ளைக்காரரிடம் இருந்துதான் பொறுக்கினேன். ‘இரவு பாரில் எங்களைக் கிக் அவுட் பண்ணிவிட்டார்கள்’ என்று சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். ஃபோனில் உள்ள அகராதியும் ‘வெளியேற்று’ என்றுதான் சொல்கிறது. அவர்கள் சொன்னால் பகிடி, நான் சொன்னால் பிழையா? இப்போது அந்தத் தம்பதிக்கு என்ன எழுதுவது? இன்னொரு விஷயம். போன வருசம் சீசன் முடிந்ததும், முதலில் வேலை செய்த இடத்தில் என்னை நிப்பாட்டினார்கள். பயோடேட்டாவில் அதையும் ‘கிக்ட் அவுட்’ என்றே எழுதியிருக்கிறேன். மாற்ற வேண்டுமா?
— அலஸ்தோட்டத்தில் இருந்து ஒரு வாசகர்

பதில்: அன்புள்ள தம்பி,

முதலில் பயோடேட்டாவைத் திறந்து அந்த வரியை அழித்துவிடுங்கள். காரணத்தைக் கீழே விளக்கமாகச் சொல்கிறேன். அந்தப் பயோடேட்டா இன்னும் எங்கேயும் போகாமல் இருந்தால் நல்லது. போயிருந்தால் திருத்தியதை மறுபடி அனுப்புங்கள்.

உங்கள் அகராதி பொய் சொல்லவில்லை. ‘கிக் அவுட்’ என்றால் வெளியேற்றுவதுதான். ஆனால் ‘வெளியேற்று’ என்பது சூடு தணிந்த கந்தோர்ச் சொல். கடிதத்தில், அறிவித்தலில், வழக்கில் எழுதுவது. ‘கிக் அவுட்’ வாயில் புழங்கும் சொல், அதற்குள் காலால் உதைப்பது இன்னும் இருக்கிறது. தமிழில் அதற்குக் கிட்ட வருவது ‘கலைச்சு விடுறது’, ‘கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுறது’. இந்தச் சொல்லைக் கேட்டவுடன் ஆங்கிலம் பேசுகிறவரின் மனதில் மூன்று விஷயம் சேர்ந்தே வரும். போகிறவருக்குப் போக விருப்பமில்லை. அனுப்புகிறவர் கையில் அதிகாரம் இருக்கிறது. போகிறவர் ஏதோ குழப்படி செய்திருக்கிறார், அல்லது அவரை மதிக்கவில்லை. உங்கள் விருந்தாளிகள் காசு கட்டித் தங்கியவர்கள். தங்கும் நாள் முடிகிறது, தாங்களாகவே போகப்போகிறார்கள். மூன்றில் ஒன்றுகூடப் பொருந்தாத இடத்தில் அந்தச் சொல் போய் விழுந்திருக்கிறது. ‘பதினொரு மணிக்கு உங்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவோம்’ என்று வாசித்தால் யாருக்குச் சாப்பாடு இறங்கும்?

அப்போ அவர்கள் ஏன் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள் என்பது நியாயமான கேள்வி. அவர்கள் அதைச் சொல்வது தங்களைப் பற்றி. தமிழிலும் இது இருக்கிறது. தேத்தண்ணிக் கடையில் ஒருவர் ‘மனுசி இண்டைக்கு என்னை வீட்டால கலைச்சுப்போட்டா’ என்று சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அதே ஆளிடம் பக்கத்து வீட்டுக்காரர் போய், ‘உன்னை வீட்டால கலைச்சாச்சாமே’ என்று கேட்டால் சண்டைதான் வரும். சொல் ஒன்றுதான், யார் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்பது மாறிவிட்டது. பார் பூட்டும் நேரத்தில் எழும்பச் சொன்னதைத்தான் உங்கள் விருந்தாளிகள் பெரிதாக்கி, தாங்கள் ஏதோ கலாட்டா பண்ணியது போலப் பகிடிக்குச் சொல்கிறார்கள்.

வேலை செய்கிறவர்களும் இதைச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பழகின வாடிக்கையாளரிடம் பார் ஆள், ‘ஐ ஹேட் டு கிக் யூ அவுட், பட் வீ ஆர் க்ளோசிங்’ என்பார். கவனித்துப் பாருங்கள்: எனக்கு மனமே இல்லை என்று முன்னுக்கே சொல்லிவிடுகிறார், முகத்தில் சிரிப்பு இருக்கிறது, ஆளும் தெரிந்த ஆள். இந்த மூன்றும் இருந்தால்தான் அது பகிடி. வட்ஸ்அப்பில் முகமும் குரலும் போய்விடும், வெறும் சொல்தான் மிஞ்சும். ஆகவே வேலை செய்கிற இடத்தில் நீங்களாக இந்தச் சொல்லைத் தொடங்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். விருந்தாளி ஒருவர் ‘ஆர் யூ கிக்கிங் அஸ் அவுட்?’ என்று சிரித்துக்கொண்டு கேட்டால், ‘நொட் அட் ஓல்! டேக் யுவர் டைம்’ என்று சொல்லுங்கள். அறைக்கு அடுத்த ஆள் வரவிருந்தால் ‘டேக் யுவர் டைம்’ வேண்டாம். ‘நொட் அட் ஓல், யூ கேன் லீவ் யுவர் பேக்ஸ் வித் அஸ்’ என்று பைகளை வைக்க இடம் கொடுத்தால் போதும்.

நீங்கள் அன்றைக்கு எழுதியிருக்க வேண்டியது ஒரு சின்ன வசனம்: ‘செக் அவுட் இஸ் அட் லெவன்.’ இதில் ‘வீ’யும் இல்லை, ‘யூ’வும் இல்லை. நேரத்தை மட்டும் சொல்கிறது, யாரும் யாரையும் எதுவும் செய்யவில்லை. விடுதி ஆங்கிலத்தில் விதிகளைச் சொல்லும்போது இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ‘நீங்கள் இங்கே புகைக்கக் கூடாது’ என்பதைவிட ‘புகைப்பதற்கு இடம் தோட்டத்தில் இருக்கிறது’ என்பது எவ்வளவு இதமாக இருக்கிறது, அதே மாதிரித்தான். கூட வேண்டுமானால் ‘ப்ளீஸ் லெட் அஸ் நோ இஃப் யூ நீட் மோர் டைம்’ என்று சேர்க்கலாம், மேனேஜர் சம்மதித்தால்.

இந்த இடத்தில் இன்னொரு எச்சரிக்கை. ‘செக் அவுட்’டை ‘வீ வில் செக் யூ அவுட்’ என்று மாற்றிவிடாதீர்கள். பில் போட்டு முடிப்பதற்கு ரிசெப்ஷனில் அப்படிச் சொல்வது உண்டுதான். ஆனால் ஒரு ஆளை ‘செக் அவுட்’ பண்ணுவது என்றால் அவரை மேலும் கீழும் பார்த்து ரசிப்பது என்றும் பொருள். ஒரு பெண் விருந்தாளிக்கு அதை எழுதினால் அது இன்னொரு முறைப்பாடாக வந்து நிற்கும்.

மன்னிப்புக்கு வருவோம். இரண்டு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். ‘ஐ ஆம் சொறி ஃபோர் த வே ஐ வ்ரோட் மை மெசேஜ். ஐ ஒன்லி மென்ட் டு டெல் யூ த செக் அவுட் டைம். இட் வோஸ் அ ப்ளெஷர் டு ஹேவ் யூ வித் அஸ்.’ கீழே உங்கள் பெயர். ‘என் ஆங்கிலம் பலவீனம்’ என்று நீட்டி விளக்க வேண்டாம். ‘கிக் அவுட்’ என்ற சொல்லை மன்னிப்பிலும் திரும்ப எழுத வேண்டாம், ஆறின புண்ணைக் கிளறுவது போலாகிவிடும். அனுப்ப முதல் மேனேஜரிடம் காட்டுங்கள். விடுதியின் பெயரில் போகிற எழுத்து அது.

இனி சொல்லின் இலக்கணம். பிரதிப் பெயர் வந்தால் அது நடுவில்தான் இருக்க வேண்டும்: ‘கிக் ஹிம் அவுட்’. ‘கிக் அவுட் ஹிம்’ பிழை. பெயர்ச்சொல் என்றால் ‘கிக் த கெஸ்ட்ஸ் அவுட்’, ‘கிக் அவுட் த கெஸ்ட்ஸ்’ இரண்டும் சரி. எங்கிருந்து என்று சொல்ல ‘அவுட் ஒஃப்’ வரும். நம்மவர்கள் அதிகம் தடுக்குவது இங்கேதான். ‘பள்ளிக்கூடத்தில் இருந்து’ என்று மனதில் ஓடுவதால், கை தானாகவே ‘கிக்ட் அவுட் ஃப்ரொம்’ என்று எழுதிவிடுகிறது. ‘கிக்ட் அவுட் ஒஃப் ஸ்கூல்’ என்பதே வழக்கு.

பஸ்ஸில் கதை வேறு. கண்டக்டர் ஒருவரை இடையில் இறக்கிவிட்டால் அது ‘கிக்ட் ஒஃப் த பஸ்’, இரண்டு ‘எஃப்’ வரும் ‘ஒஃப்’. பஸ், ரயில், விமானம், கப்பல், ஒரு குழு, ஒரு பட்டியல் இவற்றுக்கெல்லாம் அதுதான். கார், வான், அறை, வீடு, பள்ளி, நாடு என்றால் ‘அவுட் ஒஃப்’. ஆனால் ‘கிக் ஒஃப்’ தனியாக நின்றால் தொடங்குவது என்று பொருள், பந்தாட்டம் பார்க்கிற யாருக்கும் இது தெரியும்.

‘வோஸ் கிக்ட் அவுட்’டும் ‘கொட் கிக்ட் அவுட்’டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டாவது இன்னும் பேச்சுத்தனமானது. ‘ஹீ கொட் ஹிம்செல்ஃப் கிக்ட் அவுட்’ என்றால் மட்டும் கவனியுங்கள். தன் வினையால்தான் அவனுக்கு இது வந்தது என்று சொல்லாமல் சொல்கிற வசனம் அது. பிறகு, ‘கிக் அவுட் அட்’ என்றால் வெளியேற்றமே இல்லை, ஒரு ஆளோ மாடோ ஒன்றை நோக்கிக் காலை வீசி உதைப்பது.

இதற்கு உறவுக்காரச் சொற்கள் நிறைய. ‘த்ரோ அவுட்’ வேகத்தில் ‘கிக் அவுட்’டுக்குக் குறையாது. வாசலில் நிற்கும் காவலாளி ஆளைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விடுகிற காட்சி அதில் தெரியும். குப்பையை வீசுவதற்கும் அதே சொல். நீதிமன்றம் ஒரு வழக்கை எடுத்த எடுப்பிலேயே தள்ளுபடி செய்தாலும் பத்திரிகை ‘த்ரூ அவுட் த கேஸ்’ என்று எழுதும். ‘சக் அவுட்’ பிரித்தானியர் வாயில் அடிக்கடி வருவது. ‘பூட் அவுட்’ தலைப்புச் செய்திக்காரருக்குப் பிடித்தது. ‘டர்ன் அவுட்’ என்பதற்கும் பழைய புத்தகங்களில் வீட்டை விட்டுத் துரத்துவது என்ற பொருள் உண்டு, ஆனால் இன்றைக்கு அதற்கு வேறு வேலைகள் அதிகம். நீங்கள் பாவிக்க வேண்டாம். ‘ஷோ அவுட்’, ‘சீ அவுட்’ இரண்டும் இந்தக் கூட்டத்தில் சேராதவை. ‘ஐ வில் சீ யூ அவுட்’ என்றால் வாசல் மட்டும் கூடவந்து வழியனுப்புகிறேன் என்பது. ரிசெப்ஷனில் நிற்கிறவர் தாராளமாகச் சொல்லலாம்.

உண்மையிலேயே ஒருவரை வெளியேற்ற வேண்டி வரும் நாளும் உங்கள் தொழிலில் வரும். குடித்துவிட்டு வந்து பக்கத்து அறைக் கதவைத் தட்டுகிறார், செக்யூரிட்டி வந்து வெளியே அனுப்புகிறார். அன்றைக்கு லொக் புத்தகத்தில் என்ன எழுதுவது? ‘த கெஸ்ட் வோஸ் ஆஸ்க்ட் டு லீவ்.’ வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார். இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் முதல் வசனம் அதுதான். அடுத்த வசனத்தில் எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில், என்ன நடந்தது என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ‘கிக்ட் அவுட்’ என்று எழுதிவைத்தால், நாளைக்கு அவர் பொலிஸுக்குப் போனாலோ இணையத்தில் முறைப்பாடு போட்டாலோ, நாங்கள் அவரை உதைத்தோம் என்று நாங்களே கையெழுத்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

கந்தோர் ஆங்கிலத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு சொல் இருக்கிறது. பள்ளியிலோ கட்சியிலோ இருந்து நீக்குவது ‘எக்ஸ்பெல்’. வாடகை வீட்டில் இருந்து, காணியில் இருந்து எழுப்புவது ‘எவிக்ட்’. வேற்று நாட்டவரை நாடு கடத்துவது ‘டிபோர்ட்’. வேலையால் நீக்குவது ‘டிஸ்மிஸ்’. இவற்றுக்கெல்லாம் ‘ஃப்ரொம்’தான் வரும், ‘அவுட்’ வராது. ‘எக்ஸ்பெல்ட் அவுட்’ என்று எழுதினால் வெளியே என்பதை இரண்டு தரம் சொன்னது போலாகும். பள்ளியில் இரண்டு கிழமைக்கு வர வேண்டாம் என்பது ‘சஸ்பெண்ட்’, இடைநிறுத்தம். அதையும் ‘எக்ஸ்பெல்’லையும் மாற்றி எழுதினால் ஒரு பிள்ளையின் எதிர்காலமே மாறிப்போகும்.

ஏகாம்பரம் மைதானத்தில் பந்தாட்டம் பார்ப்பவராக இருந்தால் இதுவும் உதவும். சிவப்பு அட்டை வாங்கியவர் ‘சென்ட் ஒஃப்’. தோற்றுப் போட்டித் தொடரால் வெளியேறிய அணி ‘நொக்ட் அவுட்’. விதியை மீறியதற்காக நடத்துபவர்கள் நீக்கிய அணிதான் ‘கிக்ட் அவுட்’ அல்லது ‘த்ரோன் அவுட்’. நன்றாக விளையாடித் தோற்ற பொடியன்களை ‘கிக்ட் அவுட் ஒஃப் த டூர்னமென்ட்’ என்று எழுதுவது அவர்கள் மேல் பழி போடுவது. டவுனில் திரிகிற மான் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டால் ‘சேஸ் அவுட்’ பண்ணுங்கள், துரத்திவிடுவது. அதற்குப் போய் ‘கிக் அவுட்’ சொன்னால் மானை உதைத்தீர்களோ என்று கேட்பார்கள்.

ஒரு கூட்டத்தையே, ஒரு படையையே விரட்டியடிப்பதற்கு ‘ட்ரைவ் அவுட்’. திருகோணமலைக் கோட்டையைச் சுற்றிக் காட்டும்போது இந்தச் சொல் உங்களுக்குத் தேவைப்படும். 1639 இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரை ‘ட்ரோவ் அவுட்’, 1795 இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரை ‘ட்ரோவ் அவுட்’. வழிகாட்டிகள் ‘கிக்ட் அவுட்’ என்று சுவாரசியத்துக்குச் சொல்வதுண்டு, வாய்ப்பேச்சில் அது பரவாயில்லை. விளம்பரப் பலகையில் எழுதாதீர்கள்.

ஆனால் எங்கள் சனங்களின் இடப்பெயர்வைப் பற்றிக் கதைக்கும்போது சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். விருந்தாளிகள் யுத்தத்தைப் பற்றிக் கேட்பார்கள், நீங்களும் சொல்வீர்கள். 2006 இல் சம்பூர் மக்கள் ஊரை விட்டுப் போனதற்கு அறிக்கைகளில் ‘டிஸ்ப்ளேஸ்ட்’ என்று இருக்கும். அந்தச் சொல்லில் இடம்பெயர்ந்தவர் இருக்கிறார், இடம்பெயர வைத்தவர் இல்லை. புயலுக்கும் அதே சொல், ஷெல்லுக்கும் அதே சொல். 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றியதற்கு ‘எக்ஸ்பல்ஷன்’ என்று எழுதுகிறார்கள், யாரோ ஆணையிட்டு வெளியேற்றினார்கள் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘ஃபோர்ஸ்ட் அவுட்’, ‘ட்ரிவன் அவுட்’ என்றாலும் அது தெரியும். ‘கிக்ட் அவுட்’ இங்கே சின்னச் சொல். ஒரு பாரில் இருந்து எழுப்பியதற்கும் ஒரு ஊரையே வெறுமையாக்கியதற்கும் ஒரே சொல்லைப் போட்டால் பெரிய விஷயம் சின்னதாகிப்போகும். மனு, முறைப்பாடு, வாக்குமூலம் எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். யார் செய்தது என்று தெரிந்தால் அவரை எழுவாயாகப் போட்டு எழுதுங்கள்.

இப்போது உங்கள் பயோடேட்டா. கிழக்குக் கரையில் சீசன் சித்திரை, வைகாசியில் தொடங்கி புரட்டாதியோடு குறைந்துவிடும். வாடைக் காற்று எழும்பி மழை வந்தால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பல விடுதிகள் ஆட்களைக் குறைக்கும். உங்களை நிப்பாட்டியது அதற்காகத்தான் என்றால், அதில் உங்கள் குற்றம் எள்ளளவும் இல்லை. ‘கிக்ட் அவுட்’ என்று வாசிக்கிற முதலாளி, களவோ கைகலப்போ என்றுதான் நினைப்பார். ‘ஃபயர்ட்’, ‘சாக்ட்’ இரண்டும் அப்படித்தான், பிழை செய்ததால் போனவர் என்ற வாசம் அடிக்கும். வேலை குறைந்ததால் நிப்பாட்டினால் ‘லெய்ட் ஒஃப்’. உங்களுக்கு அதைவிடப் பொருத்தமாக ‘சீசனல் கொன்ட்ராக்ட், ஏப்ரல் டு செப்டெம்பர்’ என்று மாதங்களைப் போட்டுவிட்டால் போதும். ஏன் விலகினீர்கள் என்று பயோடேட்டாவில் எழுதவே தேவையில்லை. நேர்முகத்தில் கேட்டால் ‘த சீசன் என்டட்’ என்று நேராகச் சொல்லுங்கள்.

படிப்புப் பகுதியையும் ஒருக்கால் பாருங்கள். ஓ/எல் முடித்துவிட்டு வேலைக்கு வந்தவர் ‘லெஃப்ட் ஸ்கூல்’. வீட்டு நிலைமையால் இடையில் நின்றவர் ‘ட்ரொப்ட் அவுட்’, அதாவது தானாக நின்றவர். இரண்டையும் ‘கிக்ட் அவுட் ஒஃப் ஸ்கூல்’ என்று எழுதிய பயோடேட்டாக்கள் என் கைக்கு வந்திருக்கின்றன, எல்லாம் நல்ல பிள்ளைகளுடையவை.

போன வருசம் வேலை செய்த இடத்தில் சேவைச் சான்றிதழ் வாங்கினீர்களா? வாங்கவில்லை என்றால் சீசன் நடக்கும்போதே போய்க் கேளுங்கள், மழைக் காலத்தில் ஆள் இருக்காது. தொடங்கிய திகதி, முடிந்த திகதி, பதவி, முடிந்த காரணம் ‘என்ட் ஒஃப் சீசன்’ என்று நாலு வரி, கீழே கையெழுத்தும் முத்திரையும். இப்போது வேலை செய்கிற இடத்திலும் செப்டெம்பருக்கு முதல் அதேபோல ஒன்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.